வெட்டிய கைடு ரெயில் படுத்தும் பாடு: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

ரம்பத்தை நேராக ஓட்டப் பலகை மேல் வைக்கும் அலுமினியச் சட்டம்தான் கைடு ரெயில். அதை நீளமாக வாங்கியவர்களில் பலர் என்றாவது ஒரு நாள் வெட்டத்தான் செய்கிறார்கள். 3 மீட்டர் ரெயில் மாடிப்படியில் திரும்பாது, வண்டிக்குள் படுக்காது, சுவரில் சாத்தி வைத்தால் யாராவது இடித்துக்கொள்வார்கள். 1400 ஒன்று, 1600 ஒன்று என்று இரண்டாக்கிவிட்டால் பிளைவுட்டைக் குறுக்கே வெட்டச் சின்னது போதும், நெடுக்கே பிளக்க இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு சரிதான். புகார் எல்லாம் வெட்டிய பிறகுதான் வரும். "ரம்பம் சரியில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் ரம்பத்தின் மேல் குற்றமே இல்லை.

கீழே வரும் பெயர்களை மட்டும் ஒத்துக்கொள்வோம். ரெயிலின் மேல் நீளவாக்கில் எழும்பி நிற்கும், ரம்பத்தின் பேஸ் (அடித்தகடு) ஏறி ஓடுகிற மேடு: முதுகு. கிளாம்பும், இரண்டு துண்டைச் சேர்த்து ஸ்க்ரூவால் இறுக்கும் இணைப்புத் தண்டும் நுழைகிற பள்ளம்: காடி; மேலே ஒன்று, அடியில் ஒன்று. வெட்டும் பக்கம் ஒட்டியிருக்கும் ரப்பர்: ஓரப்பட்டை. அடியில் வழுக்காமல் பிடிப்பது: ஃபோம் பட்டை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதிப் பிழைகளுக்கு அதுதான் விடை. ரம்பத்தை நேராக ஓட்டுவது முதுகு. இரண்டு துண்டையும் நேராகப் பிடிப்பது தண்டு. வெட்டிய முனைக்கு இதில் வேலையே கிடையாது. அதற்கு வேலை கொடுக்கப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்தச் சோதனையானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அல்லது பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான். வெட்டும்போது கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்; அலுமினியச் சீவல் சூடாகப் பறக்கும், கழுத்துக்குள் விழுந்தால் தெரியும். மரத்தூள் நிரம்பிய தூசிப் பையை மாட்டிக்கொண்டு அலுமினியத்தை வெட்டாதீர்கள். பையைக் காலி செய்யுங்கள், அல்லது கழற்றியே வையுங்கள்.

## வெட்டும்போதே பிளேடு கவ்வுகிறது, குதிக்கிறது

மைட்டர் சாவிலோ (தலையை மேலிருந்து இறக்கிக் குறுக்கே வெட்டும் ரம்பம்), ரெயில் மேல் ஓட்டும் பிளஞ்ச் சாவிலேயோ வெட்டும்போது ரெயில் திடீரென்று துள்ளினால் அந்த இடத்திலேயே சுவிட்சை விடுங்கள். பிளேடு நிற்கும் வரை தலையைத் தூக்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது தாங்கல். ரெயில் நீளம், மேசை குட்டை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் தொங்கினால் வெட்டு விழ விழ வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கட்டை கொடுங்கள். ஒரு பக்கத்தை கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். விழப்போகிற பக்கத்துக்குத் தாங்கல் மட்டும் போதும். அதையும் ஸ்டாப்பரில் (நீளத்துக்கு வைக்கும் தடுப்புக் கட்டை) முட்டவைத்து இறுக்கினால் துண்டு தப்பிக்க வழியில்லாமல் பிளேடில் சிக்கும்.

அடுத்தது கை. பிளேடு முழு வேகத்துக்கு வருமுன் தொடக் கூடாது. தொட்ட பிறகு ஒரே சீராக இறக்க வேண்டும். பயந்து பயந்து தடவினால் பல் வெட்டாமல் உரசும், சூடேறும், அலுமினியம் இளகும். ஸ்லைடிங் மைட்டர் சாவானால் தலையை முன்னால் இழுத்து, இறக்கி, ஃபென்ஸை, அதாவது ரெயில் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பை, நோக்கித் தள்ளுங்கள். தன் பக்கம் இழுத்து வெட்டினால் பிளேடு ரெயில் மேல் ஏறும்.

பல்லில் அலுமினியம் அப்பியிருக்கிறதா? பளபளவென்று ஒரு படலம் தெரிந்தால் அதுதான் குதிப்புக்குக் காரணம். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். உளி வேண்டாம், கார்பைடு முனை சில்லுப் போகும். பிறகு பிளேடுக்குக் கொஞ்சம் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். சாதாரண மெழுகுவத்தியே போதும். மண்ணெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் அதன் விளைவை ஓரப்பட்டை உரியும் இடத்தில் சொல்கிறேன்.

பிளேடு மரத்துக்கு உரியதா? பற்கள் முன்னால் சாய்ந்து, எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் அது மரம் பிளக்கிற பிளேடு. மெல்லிய அலுமினியச் சுவரைப் பற்றி இழுக்கும். வேண்டியது அலுமினியத்துக்கென்றே விற்கும் பிளேடு: ஒரு பல் தட்டை, அடுத்த பல் இரு மூலையும் சீவியது என்று மாறி மாறி வரும், பற்கள் பின்னால் சாய்ந்திருக்கும், அதாவது நெகட்டிவ் கோணம். 254 அல்லது 305 மி.மீ. பிளேடில் 80 முதல் 100 பல் இருக்கும். 160 மி.மீ. பிளஞ்ச் சா பிளேடில் 48 முதல் 56. பிளேடில் பொறித்திருக்கும் உச்ச வேகம் உங்கள் ரம்பத்தின் வேகத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது.

பல் ஒன்று காணவில்லையா? அதோடு அந்தப் பிளேடை நிறுத்துங்கள். கூர் தீட்டும் கடையில் முனை வைத்துத் தருவார்கள், இல்லையென்றால் புதிது.

புது பிளேடு போட்டும் குதிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கலாம். இது சர்வீஸ் வேலை, வீட்டில் பிரிக்காதீர்கள்.

கையில் சரியான ரம்பமே இல்லை என்றால் அதற்காக வாங்க வேண்டாம். ஹாக்சா போதும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போடுங்கள். 18 பல் பிளேடு மெல்லிய சுவரில் மாட்டி மாட்டி இழுக்கும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போட்டு, பொறுமையாக இழுத்தால் பத்து நிமிடம். ஆங்கிள் கிரைண்டரை மட்டும் எடுக்காதீர்கள். இரும்புக்கான சாதாரண டிஸ்க்கின் துளைகளில் அலுமினியம் போய் அடைத்துக்கொள்ளும். டிஸ்க் சூடேறி உடையவும் கூடும்.

## வெட்டிய முனை மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை

இதற்காகத்தான் அதிகம் பேர் பதறுகிறார்கள். எவ்வளவு விலகல் என்று அளந்துவிட்டுப் பதறுங்கள்.

1 மி.மீ. வரை கோணல். ஒன்றும் செய்ய வேண்டாம். பிசிறை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இரண்டு துண்டுக்கு நடுவே இடைவெளி விட்டுத்தான் சேர்க்கப் போகிறோம், முனை முனையைத் தொடப் போவதில்லை. நேர்ப்படுத்துகிறேன் என்று மறுபடி வெட்டி, மறுபடி வெட்டி, 1400 ரெயிலை 1380 ஆக்கிக்கொண்டவரை எனக்குத் தெரியும்.

1 மி.மீ.க்கு மேல் கோணல். ரெயிலை எந்தப் பக்கம் ஃபென்ஸில் சாய்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ரப்பர் பக்கம் பட்டிருந்தால் அது அமுங்கி அமுங்கிக் கோணல் தரும். பின் பக்கத்து அலுமினிய ஓரம்தான் ஃபென்ஸில் படிய வேண்டும். அது சரியாக இருந்தால் மைட்டர் சாவின் 90 டிகிரியையே மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிளேடின் தகட்டில் வையுங்கள், பல்லில் வைக்காதீர்கள்.

மேலிருந்து கீழே சாய்வு. கிளாம்பை ஒரு ஓரத்தில் மட்டும் இறுக்கியிருப்பீர்கள். அடியில் இருக்கும் ஃபோம் அந்தப் பக்கம் அமுங்கி ரெயிலே சாய்ந்துவிடும். காடிக்குள் கட்டை கொடுத்து நடுவில் அழுத்துங்கள்.

நடுவில் ஒரு படி. ரெயிலின் அகலம் ஏறத்தாழ 180 முதல் 190 மி.மீ. ஸ்லைடு இல்லாத மைட்டர் சா பலவும் அந்த அகலத்தை எட்டாது. பாதி வெட்டி, திருப்பிப் போட்டு மீதி வெட்டினால் படி விழத்தான் செய்யும். அரத்தால் தேய்த்துவிட்டால் முடிந்தது. அரத்தில் முதலில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் பல்லில் அடைக்காது.

கண்ணுக்குச் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஜன்னல் கதவு பிரேம் செய்யும் அலுமினிய வேலைக்காரரிடம் கொண்டுபோகலாம். அவரிடம் இருப்பது இந்த வேலைக்கென்றே ஆன ரம்பம், ஒரே இறக்கில் கண்ணாடி மாதிரி வெட்டித் தருவார். ஓரப்பட்டையையும் ஃபோமையும் முனையிலிருந்து ஒரு சாண் பின்னால் உரித்து மடக்கி டேப் ஒட்டிக் கொடுங்கள்.

## இணைப்புத் தண்டு காடிக்குள் போகவில்லை

பத்துக்கு ஒன்பது பிசிறு. காடியின் உதடு உள்பக்கம் மடங்கியிருக்கும், விரலை விட்டுப் பார்க்காதீர்கள், கிழிக்கும். சின்ன முக்கோண அரம் அல்லது ஊசி அரத்தால் உள்மூலைகளை ஒரு தட்டு; பிறகு 400 நம்பர் காகிதம். தண்டைத் தலைகீழாக நுழைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அதுவும் நடக்கும்.

பிசிறு இல்லை, ஆனாலும் முனையிலேயே நிற்கிறது என்றால் கிளாம்பின் இறுக்கத்தில் காடி நசுங்கியிருக்கும். தேறிய முனையில் தண்டை விட்டு அந்த அகலத்தை அளந்து, நசுங்கிய இடத்தில் மரக்கட்டையை நுழைத்து மெல்ல விரிக்கலாம். ஸ்க்ரூ டிரைவரை நெம்பினால் உதடு உடையும். கொஞ்சம் விரிந்தும் தண்டு நுழையவில்லையென்றால் அந்த 20 மி.மீ.யை வெட்டி எறிவது மலிவு.

கடைசியாக, தண்டு வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாம். ஃபெஸ்டூல், மகிட்டா ரெயில்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். போஷும் மாஃபெலும் வேறொரு குடும்பம். டிவால்ட் தனி வழி. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று சுத்தியால் தட்டி நுழைக்காதீர்கள்.

## சேர்த்த ரெயிலில் பிளந்தால் பலகை வளைந்து வருகிறது

எனக்கே நடந்தது இது. முதல் முறை வெட்டியபோது முனைகளைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினேன். இரண்டையும் நகம் நுழையாதபடி முட்டவைத்து ஸ்க்ரூவை முறுக்கினேன். 2440 மி.மீ. பலகையை நெடுக்கே பிளந்து, இரண்டு துண்டையும் எதிரெதிரே வைத்தேன், ஒட்டிக்கொண்டு நின்றன. அலமாரியில் நிறுத்தி நேரான சட்டத்தோடு சேர்த்தபோதுதான் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரே வெட்டில் பிரிந்த இரண்டு துண்டு ஒன்றோடொன்று பொருந்தத்தான் செய்யும். ஒன்றின் வயிறு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு மற்றதில் குழி. அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

வளைவு உண்மைதானா என்று பார்க்க இரண்டு வழி.

ஒன்று நூல் பிடிப்பது. கொத்தனார் சுவருக்குச் செய்வதுதான். சேர்த்த ரெயிலை மட்டமான தரையில் வையுங்கள். ஒரே கனமுள்ள மூன்று சில்லு எடுத்துக்கொள்ளுங்கள்; 3 மி.மீ. டிரில் பிட் மூன்று இருந்தால் நல்லது. முதுகின் பக்கச்சுவரில் இரு முனையிலும் ஒவ்வொன்றை வைத்து, அவற்றின் மேல் மீன்பிடி நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவது பிட்டை நூலுக்கும் முதுகுக்கும் நடுவே இணைப்புக்கு அருகில் நுழையுங்கள். நூலைத் தள்ளினால் அங்கே வயிறு. ஆடினால் அங்கே குழி. தொட்டும் தொடாமலும் போனால் நேர்.

இன்னொன்று வெட்டியே பார்ப்பது. ரெயிலைவிட அகலமான, சுமார் 300 மி.மீ. பட்டையாக ஒரு துண்டு வேண்டும். ரெயிலை அந்தத் துண்டின் மேலேயே படுக்கவைத்து ஒரு ஓரத்தை வெட்டுங்கள். ரெயிலைப் பாதி சுற்றித் திருப்பி, மறுபடி அதே துண்டின் மேல் வைத்து எதிர் ஓரத்தையும் வெட்டுங்கள். இப்போது அகலத்தை நடுவிலும் இரு முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ரெயிலின் வளைவைப் போல் இரண்டு மடங்கு. 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் ரெயில் அரை மி.மீ. வளைந்திருக்கிறது. 2.4 மீட்டரில் அரை மி.மீ. என்றால் அலமாரி வேலைக்கு நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முனைகள் முட்டுகின்றனவா? முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஒரு காகிதத்தின் கனம் 0.1 மி.மீ. 180 மி.மீ. அகல முனையில் அந்த அளவு கோணல் இருந்து, முட்டவைத்து இறுக்கினால், 1400 மி.மீ. தள்ளியிருக்கும் மறுமுனை முக்கால் மி.மீ. விலகிப் போகும். எந்த மைட்டர் சாவும் தினமும் 0.1 மி.மீ.க்குள் வெட்டித் தரும் என்று நம்பாதீர்கள். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். ரம்பத்தின் பேஸ் நீளமானது, அந்த இடைவெளியைக் கவனிக்கவே கவனிக்காது. 32 மி.மீ. இடைவெளியில் துளை வரிசை உள்ள ரெயிலை வெட்டியிருந்தால், பிளேடு தின்ற கனம் எவ்வளவோ அதையே இடைவெளியாக விடுங்கள். துளைக் கணக்கு பழையபடி திரும்பிவிடும்.

ஸ்க்ரூவை எந்த வரிசையில் இறுக்கினீர்கள்? தண்டை ஒரு துண்டில் வைத்து அந்தப் பக்கத்து ஸ்க்ரூக்களை மட்டும் முழுக்க இறுக்குங்கள். அடுத்த துண்டை நுழைத்து, ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் திருகுங்கள். நேர்சட்டத்தை முதுகின் பக்கச்சுவரில் சாத்தி கிளாம்ப் போட்டு, பிறகு மேல் தண்டில் ஒன்று, அடித் தண்டில் ஒன்று என்று கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். கடைசி இறுக்கத்தில்தான் ரெயில் நழுவும். சட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி நூல் பிடியுங்கள்.

நேர்சட்டம் நேரா? இணைப்புக்கு இரு பக்கமும் குறைந்தது 600 மி.மீ. படிய வேண்டும். 1200 மி.மீ. ரசமட்டம் அல்லது அலுமினியப் பெட்டிச் சட்டம் சரிப்படும். அதை ஓரப்பட்டையில் சாத்தாதீர்கள், ரப்பர் எங்கு வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். சட்டத்தின் நேரை ஒரு கோடு போட்டு, திருப்பிப் போட்டு அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டால் தெரிந்துவிடும்.

பழைய குழி. அடிக்கடி பிரித்துச் சேர்க்கும் ரெயிலில் இது வரும். முன்பு கோணலாக இறுக்கியபோது ஸ்க்ரூவின் முனை அலுமினியத்தில் சின்னக் குழி போட்டிருக்கும். இப்போது நீங்கள் எவ்வளவு நேராக வைத்தாலும் இறுக்கும்போது ஸ்க்ரூ வழுக்கி அதே குழியில் போய் உட்காரும், கோணலும் கூடவே திரும்பும். தண்டை 5 மி.மீ. முன்னால் தள்ளுங்கள், அவ்வளவுதான். இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போயிற்று.

ஸ்க்ரூவை மிதமிஞ்சி முறுக்கியிருக்கிறீர்களா? காடிச் சுவர் மெல்லியது. அழுத்தினால் மேல்பரப்பு புடைக்கும், ரெயில் இணைப்பில் கூரை மாதிரி லேசாக எழும்பும். ஆலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்து முறுக்குங்கள், நீளக் காலைப் பிடித்தால் கைக்கு அளவு தெரியாது.

தண்டு வளைந்ததா? கண்ணாடி மேல் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பாருங்கள், ஆடினால் மாற்றுங்கள். தானாகவே நேர்ப்படுத்திக்கொள்ளும் வகைத் தண்டுகளும் விற்கின்றன. வாரம் ஒரு முறையாவது சேர்த்துப் பிரிப்பவருக்கு அந்தச் செலவு தகும்.

ஒவ்வொரு துண்டும் தனித்தனியே நேரா? இணைப்பைப் பிரித்து, தனித்தனியாக நூல் பிடியுங்கள். ஒரு துண்டே வளைந்திருந்தால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஒரு மி.மீ. என்றால் விட்டுவிடுங்கள். நெடுக்குப் பிளப்பை மட்டும் பேனல் சா (முழுப் பலகையைப் பிளக்கும் பெரிய ரம்பம்) வைத்திருக்கும் கடையில் கொடுத்து வாங்குங்கள், அல்லது வெட்டாத நீள ரெயில் ஒன்றை வாங்குங்கள்.

## இணைப்பைத் தாண்டும்போது ரம்பம் 'டக்' என்று தட்டுகிறது

ரம்பத்தை ஓடவிடாமல், வெறும் பேஸை ரெயில் மேல் வைத்துக் கையால் தள்ளிப் பாருங்கள். எந்த இடத்தில் தட்டுகிறதோ அங்கே நகத்தை ஓட்டுங்கள்.

முதுகின் வெட்டுமுனையில் நகம் மாட்டினால் பிசிறு. முனையின் விளிம்பை மெல்லிய அரத்தால் அரை மி.மீ. அளவுக்குச் சரித்துவிடுங்கள், பேஸ் ஏறிப் போகும். அதற்கு மேல் தேய்த்தால் அங்கே பேஸுக்குப் பிடிமானம் குறையும்.

மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையில் நகம் மாட்டினால் அதன் முனை எழும்பியிருக்கிறது. 2 மி.மீ. பின்னால் கத்தியால் வெட்டி விடுங்கள்.

நகம் எங்கும் மாட்டவில்லை, ஒரு துண்டு உயரம் ஒரு துண்டு தாழ்வு என்றால் தரையைப் பாருங்கள். அடியில் ஒரு சீவல் இருந்தாலும் போதும். அடித் தண்டு இல்லாமல் மேல் தண்டை மட்டும் போட்டிருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

ரம்பம் தட்டவில்லை, ஆனால் இணைப்பில் பக்கவாட்டில் அசைகிறது என்றால் பேஸில் இருக்கும் அட்ஜஸ்ட் குமிழைத் திருகி ஆட்டத்தை எடுக்க வேண்டும். குட்டைத் துண்டில் வைத்து இறுக்கிவிட்டு, நீளத் துண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் இறுக்கம், ஒன்றில் தளர்வு என்றால் முதுகில் எங்கோ கிளாம்ப் பட்டு நசுங்கியிருக்கிறது.

## இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் சிலாம்பு பெயர்கிறது

மற்ற இடமெல்லாம் கத்தியால் கீறியது போல வந்து, நடுவில் இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் பிளைவுட்டின் தோல் பெயர்ந்திருக்கும். ஓரப்பட்டை அங்கே இல்லை, அதனால் மேல்தோலை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை.

தற்காலிகத்துக்கு வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் சமாளிக்கலாம். நிரந்தரத்துக்குப் பட்டையை மாற்றும்போது ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது: வெட்டிய முனைகளில் பட்டையை அலுமினியத்தோடு சமமாக வெட்டாமல் ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. வெளியே விடுங்கள். சேர்க்கும்போது ரப்பரும் ரப்பரும் முட்டிக்கொள்ளும், அலுமினியத்துக்கு நடுவே மட்டும் 2 மி.மீ. நிற்கும். சிலாம்பும் போயிற்று, இடைவெளியும் தானாகவே அமைந்தது.

இணைப்புக்கு ஒரு பக்கம் முழுவதும் சிலாம்பு, மறுபக்கம் சுத்தம் என்றால் இரண்டு பட்டைகளும் வேறு வேறு ரம்பத்தில் அல்லது வேறு பிளேடில் சீவப்பட்டவை (புதுப் பட்டையின் ஓரத்தை முதல் ஓட்டத்தில் ரம்பமே சீவும்). புதுப் பட்டையை இரண்டிலும் ஒட்டி, முதலில் பேஸின் ஆட்டத்தை எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து ஒரே ஓட்டமாகச் சீவுங்கள். ஆட்டத்தை எடுக்காமல் சீவினால் பட்டை வேண்டியதைவிட அதிகமாகப் போய்விடும், போனது வராது.

## ஓரப்பட்டையோ ஃபோமோ முனையிலிருந்து உரிகிறது

வெட்டும்போது எண்ணெய் விட்டீர்களா? மண்ணெண்ணெயோ தெளிப்பு எண்ணெயோ பட்டைக்கு அடியில் ஊறிப்போய்ப் பசையைத் தின்றுவிடும். அன்று தெரியாது, சில நாள் கழித்து முனை நாக்கு நீட்டும். மெழுகைச் சொன்னதன் காரணம் இதுதான்.

உரிந்த பகுதியைப் பின்னால் மடக்கி, அலுமினியத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துணி கறுப்பாவது நிற்கும் வரை துடையுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை நிற்காது. நீளம் ஒரு சாணுக்குள் என்றால் நல்ல இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டலாம். அதற்கு மேல் என்றால் பட்டையையே மாற்றுவது நல்லது. சுருள் சுருளாகத் தனியே விற்கிறார்கள். ஒட்டும்போது பட்டையை இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டியது மெல்லச் சுருங்கி முனையில் இடைவெளி காட்டும்.

ஃபோம் ஒட்டித்தான் இருக்கிறது, ஆனாலும் ரெயில் பலகையில் வழுக்குகிறது என்றால் தூசி. ஈரத் துணியால் துடைத்தால் பிடி திரும்பிவிடும். அலுமினியச் சீவல் ஃபோமில் குத்திக்கொண்டு நின்றால் பலகையைக் கீறும், ஒரு முறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

## குட்டை ரெயிலில் வெட்டின் தொடக்கமும் முடிவும் கோணலாகிறது

ரெயில் குட்டையாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. வெட்டைத் தொடங்குமுன்பே பேஸ் முழுவதும் முதுகில் ஏறியிருக்க வேண்டும், முடிக்கும்போதும் இறங்கிவிடக் கூடாது. வெட்ட வேண்டிய நீளத்தைவிட ரெயில் குறைந்தது 180 மி.மீ. கூட இருக்க வேண்டும். 300 இருந்தால் கை நடுங்காது. 1220 மி.மீ. பலகையைக் குறுக்கே வெட்ட 1400 ரெயில் ஏன் என்றால் இந்த 180தான். "1220க்கு 1250 போதாதா" என்று வெட்டியவர்களுக்குத்தான் இந்த அறிகுறி வரும்.

வெட்டிய மீதித் துண்டை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் 300 மி.மீ. துண்டு கூடப் போதும். தண்டு போட்டு முன்னால் சேர்த்தால் ரம்பம் ஏறி நிற்க ஒரு திண்ணை கிடைக்கும்.

## ரெயிலே வளைந்துவிட்டது

கீழே விழுந்தோ, ரம்பம் பின்னுக்கு எகிறியோ, சுவரில் சாய்த்து வைத்ததில் ஆள் மிதித்தோ நடக்கும். நூல் பிடித்துப் பார்த்து, ஒரே இடத்தில் மடிப்பா, நீளம் முழுக்க மெல்லிய வில்லா என்று முதலில் தீர்மானியுங்கள்.

வில் என்றால் வெயிலில் கிடந்ததா என்று பாருங்கள். அலுமினியம் மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், 0.023 மி.மீ. நீளும், ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் என்றால் தற்காலிகமாக வளையும். நிழலில் மட்டமாகக் கிடத்தி ஆறவிட்டு மறுபடி நூல் பிடியுங்கள். அப்படியும் வில் போகவில்லையென்றால் அது நிரந்தரம்.

மடிப்பு என்றால் நிமிர்த்த முயலாதீர்கள். முழங்காலில் வைத்து அழுத்தி நிமிர்த்தியது ஒரு பக்கம் சரியாகும், முதுகு முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ரம்பம் இறுகிப் பிறகு திடீரென்று விடுபடும், பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது அது நல்லதல்ல. பணிமனையில் கொடுத்தாலும் இத்தனை மெல்லிய சுவர்களை முறுக்கில்லாமல் நேராக்குவது கடினம், கூலி புது ரெயிலை எட்டிவிடும்.

மடிப்புக்கு இரு பக்கமும் 100 மி.மீ. விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியில் ஒவ்வொன்றையும் நூல் பிடித்து, நேராக நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். என் பட்டறையில் 800 மி.மீ. துண்டு ஒன்று அப்படி வந்ததுதான். டிராயர் முகப்புகளுக்கு இன்று வரை அதுதான் கைக்கு முதலில் வருகிறது.